வில்சன் நோய்: ஓ.பி. பெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

என் தம்பிக்கு வில்சன் நோய் என்று தெரிந்து பதினொரு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனோடு ஓ.பி.க்குப் போகிறேன். டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்தால், பெயர் கூப்பிட எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பக்கத்தில் யாராவது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளையோடு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் அதே கேள்விகள்தான் வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது.

நான் டாக்டர் இல்லை, நோயாளியின் அக்கா. இதில் வரும் அளவுகள் உங்கள் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளத்தான். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை.

வில்சன் நோய்னா என்னங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே?

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் தினமும் ஒன்று, இரண்டு மில்லிகிராம் செம்பு, அதாவது காப்பர், உள்ளே போகிறது. உடம்புக்கு அதில் கொஞ்சம்தான் தேவை. மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரோடு கலந்து குடலுக்குத் தள்ளிவிடும். தள்ளிவிடும் வேலையைச் செய்வது ஏடிபி7பி என்ற ஜீன் உருவாக்கும் ஒரு புரதம். அந்த ஜீன் இரண்டு பிரதியிலும் பழுதாகப் பிறந்தவர்களுக்குக் கழிவு வாசல் அடைபட்டது போலத்தான். காப்பர் முதலில் கல்லீரலில் சேரும். அங்கே இடம் போதாமல் போனால் ரத்தத்தில் கசிந்து மூளை, கண், சிறுநீரகம் என்று போய்ப் படியும்.

லண்டனில் இருந்த நரம்பியல் டாக்டர் கின்னியர் வில்சன் 1912ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், அதனால் அந்தப் பெயர். ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதனால்தான் பல டாக்டர்களே பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தான், திடீர்னு எப்படி வந்தது?

திடீரென்று வரவில்லை, பிறக்கும்போதே வந்துவிட்டது. காப்பர் சேர்ந்து தொந்தரவு தெரிய வருடக்கணக்காகும். பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் வெளியே தெரியும். அதைத் தாண்டி, வயதான பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களும் உண்டு. 'வயசு நாற்பதாச்சு, அதனால் வில்சன் இருக்காது' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எதையோ கொடுத்ததால், கொடுக்காமல் விட்டதால் வந்தது இல்லை இது. பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்களுக்கு மஞ்சள் காமாலைன்னுதான் முதல்ல சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணா?

மஞ்சள் காமாலை ஒரு அறிகுறி, நோயின் பெயர் இல்லை. நம் ஊரில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பையும் எண்ணெயையும் நிறுத்தி, ஒரு மாதம் பார்ப்பார்கள். வைரஸால் வந்த காமாலை என்றால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். வில்சனிலும் சில நேரம் மஞ்சள் இறங்கும். ஆனால் திரும்ப வரும்.

சின்ன வயதுக்காரருக்குக் காமாலை இரண்டாவது முறை வந்தாலோ, ஹெபடைடிஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ் ஆகியும் கல்லீரல் என்சைம் மாதக்கணக்கில் இறங்காமல் இருந்தாலோ, ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று ஒல்லியான பிள்ளைக்கு எழுதியிருந்தாலோ, வில்சன் பார்த்தீர்களா என்று நீங்களே கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

படிப்பு குறைஞ்சது, கையெழுத்து கோணலாச்சு, சும்மா கோபப்படறான். இதுவும் இந்த நோய்தானா?

இதற்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்வேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் இதில்தான் போனது. தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு. முத்து முத்தாக எழுதுகிறவன். அந்த வருடம் அவன் கணக்கு நோட்டைப் புரட்டினால் ஜூனில் கோட்டுக்குள் இருந்த எழுத்து டிசம்பரில் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயிருக்கும். அந்த நோட்டை இன்னமும் வைத்திருக்கிறேன். அப்புறம் வாயோரம் எச்சில் வழிந்தது. பேச்சு குழறியது. முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. திட்டும்போது இளிக்கிறான் என்று வகுப்பில் அடி வாங்கியிருக்கிறான். வீட்டிலும் தட்டை வீசி எறிவான், அரை மணியில் அழுவான். மந்திரித்துக் கயிறு கட்டினோம். மனநல டாக்டரிடம் போனோம். அவர் கொடுத்த மாத்திரையில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உடம்பு விறைத்துப்போனது. சில மனநல மருந்துகள் இந்த நோயாளிகளுக்கு அப்படிச் செய்யும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மூளையின் அடியில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியில் காப்பர் படிவதால் வருவது இது. கை நடுக்கம், குறிப்பாகக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பறவை சிறகடிப்பது போல ஆடுவது, விறைப்பு, குழறல், விழுங்கக் கஷ்டம், மனநிலை மாற்றம் எல்லாம் வரலாம். கல்லீரல் தொந்தரவு வெளியே ஒன்றும் தெரியாமலேயே நேராக நரம்பு அறிகுறியோடு வருகிறவர்கள் நிறைய. கடைசியில் கண்டுபிடித்தது பெரிய டாக்டர் இல்லை. பயிற்சியில் இருந்த ஒரு பி.ஜி. மாணவி, 'கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கண்ணுல வளையம் இருக்கும்னாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. கருவிழியின் ஓரத்தில் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் அது. கைசர், ஃப்ளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் கண் டாக்டர்கள் 1902, 1903ல் விவரித்ததால் கே.எஃப். வளையம் என்பார்கள். நீலக் கண்ணில் வெறும் பார்வைக்கே தெரியலாம். நம் கருப்புக் கண்ணில் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் தாடையை வைத்து உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது.

நரம்பு அறிகுறி உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வளையம் இருக்கும். கல்லீரல் அறிகுறி மட்டும் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இருக்காது. அதனால் 'வளையம் இல்லை, வில்சன் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. மருந்து சாப்பிடச் சாப்பிட வளையம் மங்கும். பார்வைக்கு அதனால் கெடுதல் இல்லை.

ரத்தத்துல காப்பர் கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அப்போ காப்பர் நோய் எப்படி இருக்கும்?

எல்லோரையும் குழப்பும் விஷயம் இது. என்னையும் குழப்பியது. ரத்தத்தில் ஓடும் காப்பரில் பெரும்பங்கு செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏறித்தான் போகும். அதைக் கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் காப்பரை ஏற்றிவிடுவதும் அதே ஏடிபி7பி வேலைதான். அது பழுதானால் காலிக்கூடை சீக்கிரமே சிதைந்துபோகும். ஆக ரத்தத்தில் கூடையும் குறைவு, மொத்தக் காப்பரும் குறைவு. ஆனால் கூடையில் ஏறாமல் சும்மா சுற்றும் காப்பர் அதிகம், உறுப்புகளில் படிந்தது அதைவிட அதிகம்.

செருலோபிளாஸ்மின் சாதாரணமாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்கும். 10க்குக் கீழே போனால் சந்தேகம் பலமாகும். இதிலும் ஒரு வில்லங்கம்: உடம்பில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டாலோ அளவு ஏறி நார்மல் போலக் காட்டும். கடுமையான ஊட்டக்குறைவில், சிறுநீரில் புரதம் நிறையப் போகும் நோயில், வேறு காரணத்தால் கல்லீரல் செயலிழந்தால், வில்சன் இல்லாமலேயே இறங்கும். ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து இந்த நோயை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. கண், ரத்தம், சிறுநீர், ஜீன் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை ஒன்று இருக்கிறது. லைப்சிக் ஸ்கோர் என்பார்கள். 4 வந்தால் உறுதி.

24 மணி நேர யூரின் எப்படிப் பிடிக்கணும்? எந்த பாட்டில்னாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். லேப்பில் கேட்டால் உலோகக் கலப்பு இல்லாமல் கழுவிய கேன் தருவார்கள். அதில்தான் பிடிக்க வேண்டும். அளப்பது மைக்ரோகிராம் கணக்கில். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் துளி உலோகம் கூட ரிப்போர்ட்டை மாற்றிவிடும்.

காலை ஆறு மணிக்கு எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் போவதெல்லாம் கேனில். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதையும் சேர்த்து மூடி விடுங்கள். நடுவில் ஒருமுறை மறந்துவிட்டால் மறைக்காதீர்கள், மறுநாள் புதிதாக ஆரம்பியுங்கள். எங்கள் தம்பி பள்ளிக்குப் போகும் நாளில் பிடித்தால் வெட்கப்பட்டு நடுவில் விட்டுவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிடித்து, திங்கள் காலை கேனை மஞ்சப்பையில் போட்டு முதல் பஸ்ஸில் கிளம்புவோம்.

100 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் வில்சனுக்குச் சாதகம். குழந்தைகளுக்கு 40ஐத் தாண்டினாலே கவனிப்பார்கள்.

லிவர் பயாப்ஸி, ஜீன் டெஸ்ட் எல்லாம் எடுத்தே ஆகணுமா? செலவாகுதே.

நரம்பு அறிகுறி, கண்ணில் வளையம், குறைந்த செருலோபிளாஸ்மின் மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. சந்தேகம் தீராதபோதுதான் பயாப்ஸி எடுத்து, உலர்ந்த கல்லீரல் திசுவில் ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் காப்பர் என்று பார்ப்பார்கள். 50க்குள் இருப்பது சாதாரணம், 250ஐத் தாண்டினால் வில்சனுக்கு வலுவான சான்று. அங்கேயும் காப்பர் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை, அதனால் எடுத்த துணுக்கில் குறைவாக இருந்தது என்பதை மட்டும் வைத்து வில்சன் இல்லை என்று சொல்ல முடியாது.

ஜீன் டெஸ்ட்டுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. நோயாளியின் ஜீனில் எந்தப் பிழை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், கூடப்பிறந்தவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். பிழைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் முதல் ஆளுக்குத்தான் செலவு அதிகம்.

பென்சிலமைன்னு எழுதியிருக்காங்க. இவளுக்குப் பென்சிலின் ஒத்துக்காதே?

எங்கள் ஊர் மெடிக்கல்காரரும் முதல் மாதம் பென்சிலினா என்றுதான் கேட்டார். பென்சிலினிலிருந்து பிறந்த மருந்துதான், ஆனால் ஆன்டிபயாடிக் இல்லை, சேர்ந்த காப்பரை வெளியேற்றத் தருவது. ஜான் வால்ஷ் என்ற இங்கிலாந்து டாக்டர், பென்சிலின் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரில் இந்தப் பொருளைப் பார்த்திருந்தார். இதன் அமைப்பு உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் என்று தோன்றியிருக்கிறது. முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு நோயாளிக்குக் கொடுத்தார். 1956ல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன் இருந்தது வலி பிடுங்கும் ஊசி ஒன்றுதான். அதற்கும் முன் ஒன்றுமே இல்லை.

பென்சிலின் அலர்ஜி உள்ள எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஆனால் அலர்ஜி இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டுதல் வந்தால் உடனே போக வேண்டும். பிளேட்லெட்டும் வெள்ளணுவும் குறையலாம், சிறுநீரில் புரதம் போகலாம். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறார்கள். கூடவே வைட்டமின் பி6 எழுதுவார்கள். அது டானிக் மாதிரி என்று விட்டுவிடாதீர்கள், பென்சிலமைன் அந்த வைட்டமினைக் கெடுக்கும் என்பதால் தருவது.

சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. இந்த நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான ஜிங்க் மாத்திரைக்கும் இதேதான். காபி, பால், பிஸ்கட் எல்லாமே சாப்பாடுதான். இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரியானவற்றையும் தள்ளி வையுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் நடுக்கம் அதிகமாச்சு. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே போங்கள். பென்சிலமைன் ஆரம்பித்த புதிதில் நரம்பு அறிகுறி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நிலைமை மோசமாவது நிஜம். உறுப்புகளில் படிந்திருந்த காப்பர் ஒரேயடியாகக் கிளம்பி ரத்தத்துக்கு வருவதால் என்று விளக்குகிறார்கள். சிலருக்கு அந்தச் சரிவு முழுதாகத் திரும்புவதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறார்கள். 'டாக்டர் ஏன் இவ்வளவு கம்மியா கொடுத்திருக்கார்' என்று கேட்டவர்களுக்கும் பதில் இதுதான்.

மோசமானால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், ட்ரையென்டைன் என்ற இன்னொரு மருந்துக்கோ ஜிங்க்குக்கோ மாற்றலாம். ட்ரையென்டைன் விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது, அதன் ஒரு வகையைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ரயிலில் போகும்போது ஐஸ் டப்பாவோடு போகிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஜிங்க் மட்டும் போதாதா? அது பக்கவிளைவு கம்மின்னு சொல்றாங்க.

ஜிங்க் வேலை செய்யும் விதமே வேறு. பென்சிலமைன் உடம்பில் சேர்ந்ததைக் கவ்வி சிறுநீரில் வெளியேற்றும். ஜிங்க் குடலின் உள்சுவரில் ஒரு புரதத்தைச் சுரக்க வைத்து, புதிதாக வரும் காப்பரை அங்கேயே பிடித்து மலத்தோடு அனுப்பும். மெதுவான மருந்து. அறிகுறியே வராத கூடப்பிறந்தவர்களுக்கும், சேர்ந்த காப்பரை இறக்கிய பிறகு பராமரிப்புக்கும் நல்லது. கல்லீரல் மோசமாக இருப்பவருக்கு அதை மட்டும் நம்ப மாட்டார்கள்.

ஒரு கவனம்: பெட்டியில் 220 மி.கி. ஜிங்க் சல்பேட் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான ஜிங்க் 50 மி.கி.தான். டாக்டர் எழுதிய 50 எது, கடைக்காரர் கொடுத்த 50 எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மருந்தையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒன்றாக விழுங்கக் கூடாது, பென்சிலமைன் ஜிங்க்கையே கவ்விக்கொண்டு போய்விடும். நடுவில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள்.

செம்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் குடிக்கிறாங்களே?

எல்லோரும் குடிக்கட்டும், உங்கள் பிள்ளை குடிக்க வேண்டாம். செம்புச் சொம்பு, செம்பு பாட்டில், ஈயம் தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரம் எல்லாம் பரணுக்குப் போகட்டும். புளி, எலுமிச்சை, மோர் மாதிரி புளிப்பு பட்டால் இன்னும் கரையும். கோயிலில் செம்புப் பாத்திரத்துத் தீர்த்தம் ஒரு உத்தரணி குடித்தால் ஒன்றும் ஆகாது, அதற்காகச் சண்டை போட வேண்டாம். என் அம்மா சீதனமாகக் கொண்டு வந்த செம்புத் தவலையை இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார்.

கொசுறாக ஒரு தகவல். நம் நாட்டில் முன்பு 'இந்தியக் குழந்தைகள் ஈரல் சுருக்க நோய்' என்று ஒன்று கைக்குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைக் கொடுப்பதோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 1980களில் புணே பக்கம் நடந்த ஆய்வுகள் காட்டின. எவர்சில்வர் வந்த பிறகு ஏறக்குறைய மறைந்தே போனது. அது வில்சன் இல்லை, வேறு நோய். ஆனால் 'பாத்திரத்துல இருந்து என்ன வந்துடப்போகுது' என்று கேட்கிற மாமனார்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டில என்னென்ன ஆகாது?

ஈரல் முதலில். அப்புறம் நண்டு, இறால், சிப்பி, முந்திரி போன்ற பருப்புகள், எள், காளான், சாக்லேட். சிகிச்சை தொடங்கிய முதல் வருடம் கண்டிப்பு. அளவுகள் கட்டுக்குள் வந்த பிறகு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். சோறு, சாம்பார், காய், மோர், முட்டை எல்லாம் சாதாரணமாகச் சாப்பிடலாம். பத்தியம் மட்டும் இருந்து மாத்திரை இல்லாமல் இந்த நோயைச் சமாளிக்க முடியாது. சத்து மாத்திரை வாங்கும்போது பின்னால் திருப்பிக் காப்பர் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்கும். மது அறவே கூடாது.

சித்த மருந்து சேர்த்துக்கலாமா?

சித்தத்தில் தாமிர பற்பம், தாமிர செந்தூரம் என்றே மருந்து இருக்கிறது. தாமிரம் என்றால் செம்புதான். சித்த மருத்துவரிடம் போனால் நோயின் பெயரைச் சொல்லுங்கள், 'லிவர் வீக்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்க வேண்டாம்.

இப்போ நல்லா இருக்கான். இன்னும் எத்தனை வருஷம் மாத்திரை?

ஆயுசுக்கும். நல்லா இருப்பதே மாத்திரையால்தான், ஜீன் பழுது அப்படியேதான் இருக்கிறது. 1987ல் அமெரிக்க டாக்டர்கள் பென்சிலமைனை நிறுத்திவிட்ட 11 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் 8 பேர் இறந்துபோனார்கள், நிறுத்தியதிலிருந்து சராசரியாக இரண்டரை வருடத்தில். எல்லோரும் ஒரு காலத்தில் 'நல்லா' இருந்தவர்கள்தான்.

எவ்வளவு தேறுவான் என்பதையும் கூடவே கேட்பீர்கள். கல்லீரல் டெஸ்ட்கள் பெரும்பாலும் சில மாதங்களில் இறங்க ஆரம்பிக்கும். நரம்பு அறிகுறிகள் வருடக்கணக்கில் எடுக்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். தம்பிக்கு நடுக்கம் போய்விட்டது. 'ர' மட்டும் இன்னும் கொஞ்சம் சறுக்கும்.

பெரியவனுக்கு வந்துடுச்சு. சின்னவ நல்லாத்தான் ஓடியாடுறா, அவளுக்கும் பார்க்கணுமா?

கண்டிப்பாக. அப்பா அம்மா இருவரும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவனுக்கு வந்துவிட்டது, இனி வராது என்று சீட்டுக் குலுக்குவது போல இதில் கணக்குப் போட முடியாது. நான் இருபது வயதில் டெஸ்ட் எடுத்தேன், என்னிடம் பழுதான பிரதி ஒன்று மட்டும் இருக்கிறது, நோய் இல்லை. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மருந்து வேண்டாம்.

அறிகுறி வருவதற்கு முன்பே கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை நோயே தெரியாமல் வாழலாம். இதைத் தள்ளிப்போட்டு, தங்கையைக் காமாலையோடு தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பாவைப் பெஞ்சில் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

கல்யாணம் பண்ணலாமா? மாமன் பொண்ணைத்தான் பேசி வெச்சிருக்கோம்.

கல்யாணம் தாராளமாகப் பண்ணலாம். மாமன் பெண்தான் யோசிக்க வேண்டிய விஷயம். சொந்தமில்லாத இடத்தில் பெண் எடுத்தால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர ஏறக்குறைய 200ல் ஒரு வாய்ப்பு. நேர் மாமன் மகள் என்றால் 8ல் ஒன்று. நோயில்லாத அக்காவின் மகள் என்றால் 6ல் ஒன்று. பெண்ணுக்கு முன்கூட்டியே ஜீன் டெஸ்ட் எடுத்து, அந்தப் பிழை இல்லை என்று தெரிந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். மேலே ஜீன் டெஸ்ட்டுக்கு உபயோகம் உண்டு என்றேனே, அதில் இதுவும் அடக்கம்.

பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை விழுங்குவதை எத்தனை நாள் மறைக்க முடியும்?

மருமக உண்டாயிருக்கா. பிள்ளைக்கு ஆகாதுன்னு மாத்திரையை நிறுத்திட்டோம், சரிதானே?

சரியில்லை. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நிறுத்தினால் தாய்க்குக் கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து உண்டு. பென்சிலமைன் அளவைப் பிரசவ மாதங்களை ஒட்டிக் குறைப்பார்கள், ஜிங்க்கைப் பெரும்பாலும் அப்படியே தொடர்வார்கள். தாய்ப்பால் பற்றித் தனியாகக் கேளுங்கள், பென்சிலமைன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக வேண்டாம் என்கிறார்கள்.

பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி போடச் சொல்வார்கள். பெயரிலேயே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையையும் தவிர்ப்பார்கள். வேறு வழிகள் உண்டு.

எப்போ பயந்து ஓடணும்?

கண் திடீரென்று அடர்மஞ்சளாகி, கூடவே முகம் வெளிறி, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால். கல்லீரலிலிருந்து கொட்டும் காப்பர் சிவப்பணுக்களை உடைக்கிறது என்று அர்த்தம். தூக்கக் கலக்கம், உளறல், வயிறு வீங்குதல், ரத்த வாந்தி எதுவானாலும் அதே ஓட்டம்தான். சிலருக்கு நோயின் முதல் அறிகுறியே இதுதான், மாத்திரையை விட்டவர்களுக்கும் இப்படித்தான் வரும். காமாலை அளவான பிலிருபின் உச்சத்தில் இருக்க, ஆல்கலைன் பாஸ்பேடேஸ் என்ற என்சைம் மட்டும் வினோதமாகக் குறைந்திருந்தால் அனுபவமுள்ள டாக்டர் உடனே வில்சனை நினைப்பார்.

இந்தக் கட்டத்தில் மாத்திரை வேலை செய்ய நேரமில்லை. கல்லீரல் மாற்று இல்லாமல் பிழைப்பது அரிது. ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏற்றும் பிளாஸ்மா மாற்றம் செய்து கொஞ்சம் நாள் வாங்குவார்கள். அதனால் மாற்று அறுவை செய்யும் ஊருக்கே நேராகப் போகச் சொல்வேன், வழியில் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்க வேண்டாம்.

லிவர் மாத்தினா நோய் முழுசாப் போயிடுமா? நான் அம்மா, நான் கொடுக்கலாமா?

பழுது கல்லீரலில் இருப்பதால் புதுக் கல்லீரலோடு காப்பர் கணக்கு சரியாகிவிடும், வில்சன் மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் ஒட்டாமல் போவதைத் தடுக்கும் மாத்திரை ஆயுசுக்கும் வரும். மாத்திரைக்கு அடங்குகிறவர்களுக்கு மாற்று தேவையே இல்லை. நரம்புக் கோளாறுக்காக மட்டும் மாற்றுவது பற்றி டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

அம்மா கொடுக்கலாம். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் தானம் செய்வதில் தடையில்லை. கூடப்பிறந்தவர் கொடுப்பதானால் அவருக்கு நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் உண்டு, சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

மருந்து சாப்பிட்டும் யூரின்ல காப்பர் ஏறியிருக்கே, நோய் கூடிடுச்சா?

பென்சிலமைன் சாப்பிடும்போது ஏறத்தான் வேண்டும், வெளியேற்றுவதுதானே அதன் வேலை. ஆரம்பத்தில் மிக அதிகமாகவும், பிறகு 200க்கும் 500க்கும் நடுவிலும் இருப்பது நல்லது. ஜிங்க் மட்டும் சாப்பிடுகிறவருக்குத் தலைகீழ், 100க்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் சிவப்பு அம்புக்குறி போடும் கம்ப்யூட்டருக்கு நீங்கள் எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது.

சாப்பிட்டேன்னு சொல்றான். நிஜமா சாப்பிடறானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வயது பதினேழு, பதினெட்டா? ஹாஸ்டலா? அப்படியானால் சந்தேகப்படலாம். தம்பி காலேஜ் இரண்டாம் வருடம் ஐந்து மாதம் ஏமாற்றினான். பென்சிலமைன் சாப்பிடுகிறவருக்கு யூரின் காப்பர் சட்டென்று இறங்கினால், உடம்பில் காப்பர் தீர்ந்துவிட்டது என்றும் இருக்கலாம், மாத்திரை உள்ளே போகவில்லை என்றும் இருக்கலாம். 24 மணி நேரக் கணக்கு 60 என்று வந்ததும் டாக்டர் திட்டவில்லை. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவனிடம் பத்து நிமிடம் பேசினார். கந்தக நாற்றம் அடிக்கும் அந்தக் காப்ஸ்யூலை ரூமில் எல்லோர் முன்னாலும் பிரிக்கக் கூச்சமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வேளையைக் காலை ஆறு மணிக்கும் இரவு படுக்கும்போதும் என்று மாற்றிக் கொடுத்தார். ரூமில் கூட இருந்த ஒரு பையனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தோம். அடுத்த ரிப்போர்ட்டில் 340.